ஆறிப்போன புட்டு

இரவு ஏழு மணிக்கு எங்கள் பருத்தித்துறை வீட்டில் வானொலி வாயை மூடிவிடும். பாய் விரிபடும். குசினியில் புட்டு அவித்து இறக்கியாயிற்று. ஆனால் செபம் முடியாமல் கோப்பையில் கை வைக்க முடியாது.

“எங்கை விட்டனாங்கள்?” என்பார் அப்பா.

ஆளுக்கொரு வசனம், வயது வரிசையில். ஒரு அதிகாரமும் தாண்டப்படாது. லேவியராகமம் 13, முழுக்கக் குஷ்டம், 59 வசனம். தடிப்பு, படர், ஆசாரியன், ஏழு நாள் அடைத்துவைத்தல் என்று அது போய்க்கொண்டே இருக்கும். தம்பி தன் முழங்கையில் இருந்த நுளம்புக்கடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து முறையைத் தவறவிடுவான். அப்பா முதலாம் வசனத்துக்குப் போய்விடுவார். புட்டு கல்லாகும்.

“இதை ஆர் தொடக்கினது?” என்று அம்மம்மாவைக் கேட்டேன்.

“வெள்ளைக்காரப் பாதிரிமார்தான், வேறை ஆர்?” என்றா.

வெகுகாலம் அந்தப் பதில் போதுமாயிருந்தது. கோபப்படவும் அது வசதி.

அப்பா போனபின் அவருடைய வேதப்புத்தகம் என்னிடம் வந்தது. அந்தக் குஷ்ட அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் நாலு திகதிகள். நாலு தரம் அதைக் கடந்திருக்கிறோம்! முதலாவது திகதிக்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடத் தொடங்கினேன்.

அம்மம்மா சொன்னது பாதி சரி. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 ஜூன் கடைசியில் காலியில் இறங்கினார்கள். கூட்டிவந்த தோமஸ் கோக் மே மாதமே கப்பலில் இறந்துபோனார். அவர்களில் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களுடைய ஒழுங்கு, அந்தப் பெயருக்குரிய ஜோன் வெஸ்லியுடையது. வெஸ்லிக்கோ அது தாயிடமிருந்து வந்தது.

இங்கிலாந்தின் எப்வேர்த்தில், அந்தத் தாய் சுசன்னா வெஸ்லி ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையைத் தனியே இருத்திப் பேசுவார். ஜோனுக்கு வியாழன், சார்ல்ஸுக்குச் சனி. வளர்ந்த பிறகும் ஜோன் அந்த வியாழனைக் கேட்டு எழுதியிருக்கிறார். என் அப்பாவிடம் அப்படி ஒரு மாலையை நான் கேட்டிருப்பேனா தெரியாது. 1712இல் குருவான கணவர் லண்டனில் இருந்தபோது, வீட்டாருக்கென்று சுசன்னா நடத்திய ஞாயிறு செபத்துக்கு ஊரே வந்து, கூட்டம் இருநூறைத் தாண்டியது. உதவிக் குரு முறைப்பாடு எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னார். விருப்பமாகச் சொன்னால் போதாது, கட்டளையாகவே எழுதுங்கள் என்ற பொருளில் சுசன்னா பதில் போட்டார்.

அந்த ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதிக் கடிதத்தில் இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்றும் சொல்கிறார். மகள் எமிலி தகப்பனின் வாசிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்திருக்கிறாள். டேனிஷ் மிஷனரிமாரைப் பற்றிய புத்தகம். அதை அவள் வாசிக்கக் கேட்டபின் பல நாட்களுக்குச் சுசன்னாவுக்கு வேறு நினைவில்லை. முதலில் என் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குவோம் என்று முடிவெடுத்துவிட்டார்.

அந்த மிஷனரிமார் சீகன்பால்கும் புளுட்சோவும். 1706இல் அவர்கள் இறங்கித் தமிழ் எழுத்துப் படிக்கத் தொடங்கிய ஊர் தரங்கம்பாடி. எங்கள் பருத்தித்துறைக் கரையிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கம், சுமார் 140 கிலோமீற்றர்.

சொல்ல அம்மம்மா இல்லை. அன்றிரவு 59 வசனத்தையும் தனியே வாசித்து, ஐந்தாவது திகதியைப் பென்சிலால் எழுதினேன். புட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான்.