முந்தின கடிதம் கிடைத்ததோ தெரியாது

ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கிழக்கே வரும் கோ ரயிலுக்கு ஒஷாவாதான் கடைசித் தரிப்பு. நேற்று அந்த ரயிலில் மகள் கைபேசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். படிப்பித்த ஆசிரியர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு மின்னஞ்சல் போட்டு ஒன்பது நாளாம். அனுப்பி இத்தனை நாளாயிற்று, திரும்ப எழுதவா என்று ஜிமெயில் செம்மஞ்சள் எழுத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

“திரும்ப எழுதினால் தொல்லை எண்டு நினைப்பாரோ அம்மா?”

எனக்கு 1992ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. போரினால் 1990இலேயே மின்சாரம் நின்றுவிட்டது. கடிதப் பை எந்தக் கிழமை வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அம்மா கனடாவில் இருந்த அண்ணாவுக்கு எழுதுவா. எழுதத் தொடங்கமுதல் வலது மூலையில் ஓர் இலக்கம் போடுவா: 11, 12, 13. அண்ணாவும் அப்படியே. ஒருமுறை அவனுடைய 9 வந்து, பிறகு 7 வந்தது. 8 வரவேயில்லை. “எட்டு துலைஞ்சு போச்சு” என்றா அம்மா. பிள்ளை மறந்துவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் “முந்தின கடிதம் கிடைத்ததோ தெரியாது” என்று தொடங்கும். ஏன் எழுதவில்லை என்ற கேள்வி இராது. பழைய கடிதத்தில் கேட்டதைச் சுருக்கித் திரும்ப எழுதி, புதுச் செய்தி ஒன்றும் சேர்ப்பா. அதற்கும் பதில் இல்லையென்றால், ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போகிறவர் யாரென்று விசாரித்துக் கையில் குடுத்துவிடுவா.

இதை மகளுக்குச் சொன்னேன். மின்னஞ்சலும் குப்பைப் பெட்டிக்குள் விழும். ஏப்ரல் மாதம், தவணை முடிவு. அந்த மனிதர் விடைத்தாள் குவியலுக்குள் இருக்கலாம். ஒரு கிழமை பொறுத்தது போதும். பழைய மின்னஞ்சலின் கீழேயே எழுது, பிள்ளை. என்ன வேண்டும், எந்தத் திகதிக்குமுன் வேண்டும் என்று இரண்டு வரி. முடியாதென்றால் அதைச் சொல்லவும் அவருக்கு இடம் விடு. இன்னொரு கிழமை பார். பிறகு நேரே போய்க் கதவைத் தட்டு, இல்லையென்றால் வேறொருவரைக் கேள். மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்காதே.

இரவு சமையலறை மேசையில் இருந்து எழுதினாள். “என் முந்தைய மின்னஞ்சல் உங்களுக்குக் கிடைத்ததோ தெரியவில்லை” என்பதை ஆங்கிலத்தில் எப்படிப் பணிவாகச் சொல்வது என்று நெடுநேரம் யோசித்தாள். அது அவளுடைய அம்மம்மாவின் வரி.

அண்ணா வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் அம்மாவின் கடிதங்கள். கடைசி இலக்கம் 31. எண்ணினால் 24தான் இருக்கின்றன. ஏழு வழியிலே போய்விட்டன. ஆனாலும் வீட்டுச் செய்தி ஒன்றுகூட அண்ணாவுக்குத் தெரியாமல் போகவில்லை. ஒவ்வொன்றையும் அம்மா திரும்ப எழுதியிருந்தா.

பதில் வரவில்லையென்று மனம் நோகாதீர்கள். இன்னொருமுறை எழுதுங்கள்.