ஊர் குறுக்கே நடக்கிறது

நெடுஞ்சாலைத் துறையில் ஒரு சாலைக்கு வரைபடம் போட்டால் நீளவாட்டில்தான் போடுவோம். புறப்படும் இடம், சேரும் இடம், இரண்டுக்கும் நடுவே சென்டர் லைன், குறித்த தூரத்துக்கு ஒரு செயினேஜ் எண். இடையில் வருகிற சிற்றூர் அந்தத் தாளில் சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு. அந்த ஊர்க்காரர்களின் பாடு பெரும்பாலும் குறுக்குவாட்டில் நடக்கிறது. வீடு தெற்கே, ரேஷன் கடை வடக்கே. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பிள்ளைகள் வந்து இறங்கும் பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். வயலுக்கும் படித்துறைக்கும் அம்மன் கோயிலுக்கும் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். நெல்லைச் சீமையில் நெடுங்காலம் சாலை வேலை பார்த்த எனக்குத் தெரிந்த முதல் பாடம் இதுதான்: சின்ன ஊர் வழியாகப் போகும் சாலையை மேம்படுத்த நினைப்பவர், அகலத்தைக் கணக்கிடும் முன் குறுக்கே போவோரைக் கணக்கிட வேண்டும்.

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இது கூடுதலாகப் பொருந்தும். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் நோக்கி மேற்கே போனால் மேலச்செவல், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர் விட்டு ஊர் வருகிறது. ஆறும் கன்னடியன் கால்வாயும் ரயில் பாதையும் சாலையும் ஏறத்தாழ ஒரே போக்கில் ஓடுகின்றன. தண்ணீரானாலும் மாடானாலும் மனிதரானாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் குறுக்கேதான் போக வேண்டும். திருநெல்வேலியில் பெயர் நிலைத்த கட்டுமானங்களும் அப்படிக் கடப்பதற்காகக் கட்டியவையே. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றைக் கடக்கத் தவித்த மக்களுக்காகச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதன் 11 வளைவுகளின் மேல் இன்றும் ஊர் போய் வருகிறது. ஜங்ஷனில் ரயில் பாதையைக் கடக்க 1973இல் வந்த ஈரடுக்கு மேம்பாலமும் அந்த வரிசையில் சேரும்.

ஒரு சாலையை அகலப்படுத்தலாமா என்று தீர்மானிக்க ஏழு நாள், இரவு பகலாகப் போக்குவரத்துக் கணக்கெடுப்போம். பிறகு எல்லா வண்டிகளையும் கார் அலகுக்கு மாற்றுவோம். கிராமப்புறச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் தந்திருக்கும் அட்டவணையில் கார் 1, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5, மாட்டுவண்டி 8. நடந்து போகிறவருக்கு அதில் எண் இல்லை. சாலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று பார்ப்பதற்கான அட்டவணை என்பதால் அது அப்படி இருக்கிறது. அந்தக் கணக்கோடு ஊருக்கான திட்டத்தையும் முடித்துவிடுவதுதான் தவறு.

பாதசாரிகளுக்கென்று தனியே ஒரு கணக்கு உண்டு. உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பதை, அந்த நேரத்து வண்டிகளின் எண்ணிக்கையால் இரண்டு முறை பெருக்க வேண்டும். சென்டர் மீடியன் இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால் அங்கே வண்டிகளை நிறுத்திக் கடக்கவைக்கும் ஏற்பாடு தேவை என்பது நெடுநாளைய வழிகாட்டல். ஒரு சிற்றூரில் பள்ளி விடும் நேரத்தில் 100 பேர் கடக்கிறார்கள், 700 வண்டிகள் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். விடை 4.9 கோடிதான். சூத்திரத்தின்படி அந்த நூறு பேருக்கு ஒன்றும் தேவையில்லை. அவர்களில் பாதிப்பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதைச் சூத்திரம் கேட்பதில்லை. நின்று பார்க்கிற பொறியாளர்தான் கேட்க வேண்டும்.

கால்வாய்க் கரையோர ஊர் ஒன்றில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தோம். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு ஆச்சி வந்து நின்றார். சாலை எவ்வளவு அகலமாகும் என்று கேட்டார், சொன்னேன். "அகலமாப் போடுங்க யய்யா, வேண்டாங்கல. நான் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் எப்படிப் போவேன்னு அதையும் எழுதிட்டுப் போங்க" என்றார். அவர் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டேன். விநாடிக்கு 0.8 மீட்டர் நடை. இருவழிச் சாலையின் 7 மீட்டர் அகலத்தைத் தாண்ட அவருக்கு ஒன்பது விநாடி வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒன்பது விநாடியில் 200 மீட்டர் வந்துவிடும். அந்த வேகத்துக்கு ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தத் தேவையான பார்வைத் தூரம் என்று விதி சொல்வது 120 மீட்டர். சாலை வளைவு இந்த விதிக்குச் சரியாக இருந்தும், ஆச்சி சாலையில் கால் வைக்கும்போது அவருக்குத் தென்படாத கார் அவர் கடந்து முடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடும். இருபுறமும் 1.5 மீட்டர் தார் போட்ட தோளைச் சேர்த்தால் அகலம் 10 மீட்டராகிறது, அவருக்குத் தேவையான நேரமும் பன்னிரண்டு விநாடியைத் தாண்டுகிறது. அதே கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒன்பது விநாடியில் 75 மீட்டர்தான் வரும். ஆச்சிக்கும் தெரியும், ஓட்டுநருக்கும் தெரியும், நிற்கவும் முடியும்.

ஆகவே ஊருக்குள் உயிரைத் தீர்மானிப்பது வேகம்தான். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நடப்போரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் பிரகடனம் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பலகை நட்டால் வேகம் குறையாது. சாலையின் தோற்றமே ஓட்டுநருக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1980களில் புறவழிச் சாலை போட வசதியில்லாத வின்டருப், ஸ்கேர்பெக் போன்ற சிற்றூர்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஊர் தொடங்கும் இடத்தில் வாசல்போல ஓர் அமைப்பு, அங்கிருந்து சாலையைக் குறுக்கி, மரம் வைத்து, நடப்பதற்கு இடத்தைக் கூட்டினார்கள். வண்டிகளின் வேகம் இறங்கியது. நம் ஊர்களில் நுழைவு வளைவு ஏற்கெனவே நிற்கிறது. அந்த இடத்திலிருந்து சாலையின் குணம் மாற வேண்டும், அவ்வளவுதான்.

வேகத்தடையும் அப்படித்தான். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வில்லின் மென்மையான வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது தொந்தரவே தராது. ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிடும் குறுகிய மேடு இடுப்பை ஒடிக்கும், ஆம்புலன்ஸில் போகிற நோயாளியை வதைக்கும். வரைபடத்தில் இருக்கும் வளைவைத் தரையில் கொண்டுவர அச்சுப் பலகை வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

மனிதருக்கு அடுத்தபடி குறுக்கே போவது தண்ணீர். கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற சின்ன வாய்க்கால்கள் சாலைக்கு அடியில் புகுந்து வயலுக்குப் போகின்றன. சிறுபாலத்தில் குழாயின் அடிமட்டம் வாய்க்காலின் தரைமட்டத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டாலும் கடைமடை வயல் காயும். தாழ்ந்துவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும். இதை லெவல் கருவி சொல்லும். ஆனால் எந்த வாய்க்கால் கார் சாகுபடிக்கும் ஓடுகிறது, எது பிசானத்தில் மட்டும் ஓடுகிறது, எந்தப் பள்ளத்தில் குளத்து மறுகால் வந்து விழுகிறது என்பதெல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குத்தான் தெரியும். வறண்ட சித்திரையில் சர்வே எடுத்துவிட்டு, இங்கே நீரோட்டம் இல்லை என்று எழுதக் கூடாது. 2023 டிசம்பர் 17ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. குளங்கள் உடைந்தன, சாலைகள் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போயின, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கினார்கள். தண்ணீருக்கு வழி விடாத சாலையைத் தண்ணீர் தானே வழி செய்துகொண்டு கடக்கும்.

சாலையின் உயரத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சில சென்டிமீட்டர் ஏறுகிறது. பழைய வீடுகளின் வாசலைப் பாருங்கள். மூன்று படி இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம் இருக்கும், மற்றவை சாலைக்குள் புதைந்திருக்கும். சில வீடுகளில் சாலையிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீரும் அப்படியே இறங்குகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் 2021இல் உத்தரவிட்டார். ஊருக்குள் அதைக் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காய்கிறது. விபத்துக்கு அது காரணமாகிறது என்பது உண்மை. களம் இல்லாமல்தான் தார்ச்சாலைக்கு வருகிறார்கள் என்பதும் உண்மை. புறம்போக்கில் ஒரு சிமென்ட் களத்துக்கு இடம் பார்த்து, ஊராட்சியோடு பேசித் திட்டத்தோடு சேர்த்துவிட்டால் சாலையும் பிழைக்கும், நெல்லும் பிழைக்கும். கோயில் கொடைக்குச் சப்பரம் வரும் பாதையும் அப்படியே. சென்டர் மீடியன் எங்கே திறந்திருக்க வேண்டும், மின்கம்பி எவ்வளவு உயரத்தில் போக வேண்டும் என்று கொடைக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இத்தனை சிரமம் எதற்கு, புறவழிச் சாலை போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கனரக வண்டிகள் நிறையப் போகும் இடத்தில் அதுவே சரி. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலை பல ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. அதனால் அந்த ஊர்களின் கடைத்தெருவுக்குள் லாரி இரைச்சல் குறைந்தது. அதே சமயம், நாகர்கோவில் பஸ்கள் ஊருக்குள் வராமல் போய்விடுவதாக நாங்குநேரி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து ஊருக்குள் எப்படி வருவது என்பதும் புறவழிச் சாலைத் திட்டத்தின் பாகமாக இருக்க வேண்டும். திருநெல்வேலி–தென்காசி சாலையைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் உலக வங்கி உதவியோடு நான்குவழியாக்க எடுத்துக்கொண்டார்கள். ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று சந்தையும் பள்ளிகளும் நிறைந்த ஊர்கள் உள்ள தடம் அது. அத்தகைய ஊர்களில் நான்குவழி என்றால் கடக்கும் தூரம் இரட்டிப்பாகிறது. நடுவே நின்று மூச்சு வாங்க மீடியனில் இடம், அதற்குச் சரிவுப் பாதை, இரவில் விளக்கு, இவை இல்லாமல் சாலை நிறைவடைந்ததாகச் சொல்ல முடியாது.

கடினமான முடிவு நிலம் எடுப்பதில் வருகிறது. இரண்டு பக்கமும் சமமாக எடுத்தால் எல்லோருக்கும் திண்ணையும் முன்னறையும் போகும். ஒரே பக்கமாக எடுத்தால் ஒரு வரிசை முழுதாகப் போய் மறு வரிசை முழுதாக நிற்கும். பாதி வீட்டை இழந்தவர் மீதிப் பாதியில் வாழ முடியுமா என்று ஒவ்வொரு வீடாகப் பார்க்காமல் சென்டர் லைனை நகர்த்தக் கூடாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001இன்படி ஆட்சேபம் சொல்ல நில உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். அந்தக் காகிதத்தில் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். தன் முருங்கை மரம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அதைப் படித்து யாருக்கும் விளங்காது. அதனால் நோட்டீஸுக்கு முன்பே சுண்ணாம்புப் பொடியால் தெருவில் கோடு போட்டுக் காட்டுவதை வழக்கமாக வைத்திருந்தேன். கோட்டைப் பார்த்ததும் பேச்சு தெளிவாகும். ஒரு மீட்டர் தள்ளினால் கிணறு தப்பும் என்று அவர்களே சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஊரின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை நடவு, அறுவடை நாட்களின் முற்பகலில் வைத்தால் பெண்கள் வர முடியாது. சாயங்காலம் வைக்க வேண்டும்.

இனி வரப்போகும் பொறியாளர்களிடம் என் வேண்டுகோள்: விரிவான திட்ட அறிக்கையில் சாலையின் நீளத்தைப் போலவே ஊருக்குள் கடக்கும் இடங்களுக்கும் ஒரு வரைபடம் சேருங்கள். யார், எந்த நேரத்தில், எதற்காக, எத்தனை விநாடியில் கடக்கிறார்கள் என்று அதில் எழுதுங்கள். ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. சாலைக்கு அளக்க வரும் வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகள் கடக்கும் இடம், தண்ணீர் போகும் மடை, சப்பரம் வரும் வழி, நெல் காயப்போட வேண்டிய களம் ஆகிய நான்கையும் இப்போதே குறித்துத் தீர்மானமாக நிறைவேற்றி வையுங்கள். அளக்க வருகிறவர் கையில் முதலில் அதைக் கொடுங்கள்.