எல்லாக் கொக்கும் ஒரே கொக்கு இல்லை

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை
கிருமாம்பாக்கம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று பெயர் கொடுத்தபோது, "எதைப் பத்தி எழுதப்போற?" என்று கேட்டார்கள். "பறவைகளைப் பத்தி" என்றேன். "மெக்கானிக்கல் பையனுக்குப் பறவை எதுக்குடா?" என்று பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்தக் கட்டுரையில் பறவை மட்டும் இல்லை, நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். பொறுமையாகப் படித்து வாருங்கள்.

என் ஊர் கிருமாம்பாக்கம். கடலூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ரோட்டோரத்தில் ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். ரோட்டை விட்டு மேற்கே பாகூர் பக்கம் சைக்கிளை மிதித்தால் இரண்டு பக்கமும் வயல். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிவிட்டால் கரையில் நின்று பார்க்கவே கண் கொள்ளாது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா விவசாயக் கூலி. கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறார்.

முதலாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்த்தேன். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. "பாக்கறியா தம்பி?" என்று பைனாகுலரை நீட்டினார். வாங்கிக் கண்ணில் வைத்தேன். கோரைக்குள்ளே ஒரு கோழி. உடம்பெல்லாம் நீலமும் ஊதாவும், மூக்கும் நெற்றியும் செக்கச் சிவப்பு! நெல்லைத் தின்னும் சனியன் என்று நாங்கள் கல்லால் அடித்து விரட்டுகிற கோழிதான் அது. "நீலத்தாழைக்கோழி" என்றார் சார். இத்தனை வருஷம் அதைக் கறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் கொக்கு. வெள்ளையாக இருந்தால் கொக்கு என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் அதில் நாலு வகை நம் வயலிலேயே இருக்கிறது. மாட்டுக்குப் பின்னாலேயே நடப்பது உண்ணிக்கொக்கு. குட்டையான மஞ்சள் மூக்கு. தண்ணீரில் காலால் துழாவுவது சின்னக் கொக்கு; மூக்கும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்டமாதிரி. மிச்சம் நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும்தான் குழப்பம். வாயின் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்! வெர்னியர் காலிப்பரில் லீஸ்ட் கவுண்ட் 0.02 மில்லிமீட்டர் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு கஷ்டமா?

அப்புறம் பைத்தியம் பிடித்துவிட்டது. சேற்று நிறத்தில் வரப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மடையான், பறக்கும்போது மட்டும் எங்கிருந்தோ வெள்ளைச் சிறகைக் காட்டும். நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். நத்தையைத் தின்பதற்கு அமைந்த மூக்கு அது. நம் புதுச்சேரி அரசு 2007-இல் மாநிலப் பறவையாக அறிவித்தது குயிலை. கறுப்பாக இருப்பது ஆண். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டதுதான் பெண். கூ கூ என்று பாடுவது ஆண்தான். இது தெரியாமல் எத்தனை சினிமாப் பாட்டு எழுதிவிட்டார்கள்!

பறவை பார்க்கப் பெரிய செலவு ஆகும் என்று பயப்பட வேண்டாம். பைனாகுலரில் 8×40 என்று போட்டிருந்தால், 8 என்பது உருப்பெருக்கம், 40 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. அந்த 5 மில்லிமீட்டர் வட்டமாகத்தான் வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது. விடியற்காலை மங்கலிலும் தெளிவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். சார் தன்னுடைய பழைய பைனாகுலரை எனக்குக் கொடுத்தார். செல்போனை அதன் ஒரு கண்ணில் வைத்துப் படம் எடுத்தால் கை ஆடியது. பி.வி.சி. கப்ளிங்கை அறுத்து, உள்ளே சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, போனைப் பிடிக்க ஒரு கிளாம்ப் செய்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. இதைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் பாகங்களைத் தானே ஒன்றுசேர்த்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இவ்வளவு: வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும். நின்று எடுப்பதைவிடக் குந்தி, பறவையின் கண் மட்டத்தில் எடுத்தால் படம் உயிரோடு இருக்கும். பறப்பதை எடுக்க ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமாவது ஷட்டர் வேகம் வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே கூடாது. நாம் நல்ல படம் எடுப்பதற்குள் காக்கா முட்டையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சார் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொடுத்தார் என்றாலும், எனக்கு முதலில் பறவை காட்டியது அவர் இல்லை. என் அப்பா. அவர் எதற்காகப் பறவைகளைத் தெரிந்து வைத்திருந்தார் என்றால், பிடிப்பதற்காக. வேலை இல்லாத மாதங்களில் வரப்போரம் நைலான் நரம்பில் கண்ணி வைப்பார். கொக்கு, மடையான், கம்புள்கோழி எது மாட்டினாலும் விற்றுவிடுவார். விற்காதது எங்கள் வீட்டுக் குழம்பு. நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது யூனிஃபார்மும் டிராஃப்டரும் வாங்கியது அந்தக் காசில்தான்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அப்பாவுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் தப்பு என்று தெரியும். நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த இரண்டாம் மாதம் அவராகவே கண்ணியை எல்லாம் அடுப்பில் போட்டார். "நாளைக்கு கேஸு கீஸுன்னு ஆனா படிக்கிற புள்ளைக்குத்தான் கேவலம்" என்றார். அதற்கப்புறம் வேலை இல்லாத மாதங்களை எங்கள் வீடு எப்படித் தள்ளியது என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றவேண்டும். போன பொங்கலுக்கு நாங்களும் எங்கள் ஏரிக்கரையில் எண்ணினோம். டவுனிலிருந்து சில கல்லூரி மாணவர்களும் வந்திருந்தார்கள். கோரைக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. பார்க்காமலேயே "கம்புள்கோழி" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவே வெளியே வந்து நின்றது, வெள்ளை மார்போடு. எல்லோரும் கைதட்டினார்கள். "யாருங்க சொல்லிக்கொடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"புத்தகத்துல படிச்சேன்" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் அப்பா நிற்கிறார், அழுக்கு லுங்கியோடு, எனக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை. தூக்கைக் கரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு அப்பா கேட்டார்: "எத்தினி வந்துச்சி?"

"முப்பத்திநாலு வகைப்பா."

"மதகாண்ட பாம்புத்தாரா ரெண்டு றெக்கைய விரிச்சிக் காஞ்சிக்கினு இருந்துச்சே, அத எழுதினியா?"

எழுதவில்லை. நாங்கள் ஏழு பேரும் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காட்டுக்கு வாப்பா என்று கூப்பிடுவதுபோல, "ஏரிக்கு வாப்பா" என்று கூப்பிட்டேன். வந்தார். ஆள்காட்டிக் குருவியின் கத்தல் மாறுவதை வைத்து, "முட்டை வச்சிருக்கு, இந்தாண்ட வராத" என்று என்னை நிறுத்தினார். அன்றைக்கு நாற்பத்தொன்று எழுதினோம். அடுத்த ஞாயிறு சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், கண்ணி வைத்தது உட்பட. அவர் என்னைத் திட்டவில்லை. தன் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அவர்தான் எனக்கு சாலிம் அலியின் (1896–1987) கதையைச் சொன்னார். இந்தியாவின் பறவை மனிதர் என்று பெயர் வாங்கியவரும் சிறு வயதில் ஏர்கன் வைத்துக் குருவி சுட்டவர்தான். சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கிறதே, இது என்ன குருவி என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே அவருக்குப் பதில் சொல்ல ஆள் இருந்தது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

தோழர்களே! வேடந்தாங்கல் ஊர் மக்கள், பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு, தங்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு, 1798-இல் அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். நம் ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. மற்ற ஏரிகளையும் நாமே பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். அதற்கு முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும்.

ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு பாகூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அப்பாவும் வருவார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நீங்கள் கேட்டால், இந்தத் தடவை சரியாகப் பதில் சொல்வேன்.