ஔ பக்கத்தில் யார்?

ஆரணியில் அக்கா வீட்டுக்குப் போனபோது, மருமகளுக்கு ஒரு அரிச்சுவடி வாங்கிப் போனேன். எழுத்தும் படமும் மட்டும்தான். 'அம்மா', 'ஆடு' என்று கீழே எதுவும் இருக்காது.

என் அம்மா மடியில் உட்கார்ந்து புரட்டினாள். உ பக்கத்தில் உரலைப் பார்த்து, "கல்லு" என்றாள். வீட்டில் மிக்ஸி, அவள் உரலை எங்கே கண்டாள்! ஐ பக்கத்தில் ஐந்து விரல்கள். "கை." ஔ பக்கத்தில் கோலூன்றிய ஔவையார். "பாட்டி, இது நீதான்!" அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் அன்று அரை மணி நேரம் கதை சொன்னது அவர்தான். சொல் அச்சாகியிருந்தால் நான் படித்துக் காட்டி முடித்திருப்பேன்.

ஸ்டீபன் ஜான்சனின் 'ஆல்ஃபபெட் சிட்டி' (1995) என்ற ஆங்கிலப் படப் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே. அதில் எழுத்துகூடத் தனியாக இல்லை. பக்கவாட்டில் பார்த்த போக்குவரத்து விளக்கே ஆங்கில 'E'. 1996இல் கால்டெகாட் ஹானர் விருது பெற்றது.

அதை நினைத்துக்கொண்டு அக்கா வீட்டுத் தறியைப் பார்த்தேன். சட்டத்தின் மூலையில் ட. தறிக்குழியே ஒரு ப. மேலே ஜக்கார்டு அட்டைகள்: அதுவும் சொல்லில்லாத புத்தகம்தான், ஓட்டைகளைப் படித்தே தறி சரிகையில் மயில் போடுகிறது.

ழ மட்டும் சிக்கவில்லை. உங்கள் வீட்டில் எங்காவது ஒளிந்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், மருமகளுக்குக் காட்ட வேண்டும்.