கிரீன் டீ குடிச்சா இளைக்குமா? ஒரு தேயிலை விவசாயி சொல்றது



கோயமுத்தூர்ல இருந்தோ சென்னையில இருந்தோ எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, தோட்டத்தைப் பார்த்ததும் கேக்குற முதல் கேள்வி இதுதான். "இதுதான் கிரீன் டீ செடியா? இதைக் குடிச்சா இளைக்குமா?" இப்ப காலையில ஓடுறவங்க, ஜிம்முக்குப் போறவங்க நிறைய ஆயிட்டாங்க. அவங்க கேக்குறது இன்னும் கொஞ்சம் கூட: "எக்சர்சைஸ் பண்றதுக்கு முன்னாடி குடிக்கணுமா, பின்னாடி குடிக்கணுமா?"

எனக்கு கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. அப்பா காரமடைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர். தேயிலைக்காரனே கிரீன் டீயைப் பத்தி எழுதினா, வித்துக்கத்தான் எழுதறான்னு தோணும். நான் விக்கிறது ஈரக் கொழுந்து மட்டும்தான். நீங்க நிறையக் குடிச்சா எனக்கும் நல்லதுதான். ஆனா எதுக்குக் குடிக்கிறோம்னு தெரிஞ்சு குடிக்கணும். என் அக்கா மகள் விஷயத்துல பார்த்ததுனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு. அவ கதை கீழே வருது.

முதல்ல ஒரு பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடறேன். எங்க மலையில 'பசுந்தேயிலை'ன்னா செடியில இருந்து பறிச்ச ஈரக் கொழுந்து. பேப்பர்ல 'பசுந்தேயிலை விலை சரிவு'ன்னு செய்தி வந்தா, அது நாங்க ஃபேக்டரிக்குப் போடுற இலையோட விலை. நீங்க பாக்கெட்ல வாங்குற கிரீன் டீ வேற. ஆனா கிரீன் டீக்கும் டீக்கடை டீத்தூளுக்கும் செடி ஒண்ணுதான். ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பறிக்கிற அதே கொழுந்து.

வித்தியாசம் பறிச்சதுக்கு அப்புறம்தான் வருது. டீத்தூளுக்கு, கொழுந்தை ராத்திரி முழுக்க வாட விட்டு, மெஷின்ல நசுக்கி, காத்துப் பட வச்சிருப்பாங்க. வெட்டி வச்ச ஆப்பிள் பழுப்பாகுற மாதிரி இலையும் பழுப்பாகும். அதுக்கப்புறம் சூடு காட்டிக் காய வச்சா தூள். கிரீன் டீக்கு அந்தப் பழுப்பாகுற வேலையே நடக்கக் கூடாது. பறிச்ச கொழுந்தைச் சீக்கிரமே ஆவியிலயோ சூடான சட்டியிலயோ போட்டு, இலைக்குள்ள இருக்கிற என்சைமை நிறுத்திடுவாங்க. அப்புறம் உருட்டிக் காய வைப்பாங்க. எங்க வீட்டுக்கு நானே சில சமயம் பண்ணுவேன். இரும்புச் சட்டி நல்லா காஞ்சதும் ரெண்டு கை கொழுந்தைப் போட்டு, கருகாமப் புரட்டி, வதங்கினதும் முறத்துல கொட்டிக் கையால உருட்டி, மறுபடி இளஞ்சூட்டுல காய வச்சா முடிஞ்சுது. சமையல்கட்டே பச்சைப்புல் வாசம் அடிக்கும்.

இலை பழுப்பாகாம நின்னுடறதால, 'கேட்டசின்'னு சொல்ற துவர்ப்புச் சத்து கிரீன் டீயில அதிகமா தங்கிடுது. அதுல முக்கியமானதுக்கு ஈ.ஜி.சி.ஜி.ன்னு பேரு. அதோட காஃபின் இருக்கு. 'தியானின்'னு ஒண்ணும் இருக்கு. காஃபின் சுறுசுறுப்பைக் கொடுக்கும்போது இது மனசைப் படபடக்க விடாம வைக்கும்னு சொல்றாங்க. இந்த மூணை வச்சுத்தான் உடற்பயிற்சி பண்றவங்களுக்கு கிரீன் டீ நல்லதுன்னு பேசறாங்க. பேச்சு எவ்வளவு தூரம் நிஜம்? என் மகன் இங்கிலீஷ்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்லுவான். நான் நோட்ல குறிச்சு வச்சுக்குவேன்.

கொழுப்பு கரையற விஷயத்தை எடுத்துக்கோங்க. 2008-ல இங்கிலாந்துல பர்மிங்காம் யுனிவர்சிட்டியில 12 ஆம்பளைங்களுக்கு கிரீன் டீ சாறை மாத்திரையாக் கொடுத்து, அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க வச்சாங்க. கொழுப்பு எரியறது 17 சதவீதம் கூடுச்சு. விளம்பரத்துல இந்த மாதிரி சதவீதம்தான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 0.35 கிராம் எரிஞ்சது 0.41 கிராம் ஆச்சு. அரை மணி நேரத்துக்கு ரெண்டு கிராம் கூட இல்ல. ஒரு டீஸ்பூன் எண்ணெயில பாதி கூட வராது. அதுவும் அவங்க எடுத்த சாறு நாலஞ்சு கப்புக்குச் சமம். 2012-ல காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்துட்டு, எடை குறையறது ரொம்பச் சொற்பம், பெருசா எடுத்துக்கிற அளவுக்கு இல்லைன்னு எழுதிட்டாங்க.

அடுத்தது தெம்பு. காஃபின் உடற்பயிற்சிக்கு உதவும்ங்கறது உண்மை. ஆனா அளவு இருக்கு. விளையாட்டு வீரர்களுக்குச் சொல்ற கணக்கு, உடம்பு எடையில கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் குறைஞ்சது 180. ஒரு கப் கிரீன் டீயில ஏறக்குறைய 30தான் இருக்கும். ஆறு கப் குடிச்சுட்டு ஓடினா வயித்துக்குள்ள தண்ணிதான் குலுங்கும். அதனால ஓடறதுக்கு முன்னாடி ஒரு கப் குடிச்சா தூக்கக் கலக்கம் போகும், மனசு தெளியும். அவ்வளவுதான், அதுவே நல்ல விஷயம்தான். மறுநாள் கால் வலி குறையும்னும் சொல்றாங்க. சில ஆய்வுல கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சிலதுல ஒண்ணும் தெரியல.

அப்ப பலனே இல்லையா? இருக்கு. பெரிய பலன் எதுல இருக்குன்னா, கிரீன் டீயில எது இல்லையோ அதுல. நம்ம டீக்கடை டீயில நூறு மில்லி பால், ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னு வச்சா கிட்டத்தட்ட நூறு கலோரி. நாளைக்கு மூணு டீன்னா முந்நூறு. அதைக் கரைக்க ஒரு மணி நேரம் வேக நடை நடக்கணும். சர்க்கரை போடாத கிரீன் டீயில ரெண்டு மூணு கலோரிதான். மூணு பால் டீயில ரெண்டை மாத்தினாலே நீங்க நடக்கிற நடை உடம்புல ஒட்டும். கிரீன் டீ குடிச்சு இளைச்சேன்னு சொல்ற பாதிப் பேர் விட்டது சர்க்கரையைத்தான். அதுல தேன் ஊத்திக் குடிச்சுட்டு இளைக்கலியேன்னு கேக்கறவங்களும் இருக்காங்க.

இப்ப அக்கா மகள் கதை. கோயமுத்தூர்ல வேலை. ரெண்டு வருஷமா ஜிம்முக்குப் போறா. சுத்த சைவம். காலையில டிபன் முடிச்ச கையோட ஒரு கப் கிரீன் டீ, மத்தியானம் சாப்பாட்டோட ஒண்ணு, ராத்திரி சப்பாத்தியோட ஒண்ணு. "செரிச்சிடும் மாமா"ன்னு சொல்லுவா. போன வருஷம் இங்க வந்தப்ப, சின்ன வயசுல ஓடி ஏறின எங்க தோட்டத்து மேட்டுல ரெண்டு இடத்துல உக்காந்துட்டா. மூச்சு வாங்குது. கண்ணுக்குக் கீழ வெளுத்துக் கிடக்கு. இத்தனைக்கும் எடை தூக்கற புள்ள. "ஊருக்குப் போனதும் ரத்தம் டெஸ்ட் பண்ணு கண்ணு"ன்னு சொல்லி அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.9. பொம்பளைங்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

டாக்டர் என்ன சாப்பிடறேன்னு கேட்டிருக்கார். கீரை, ராகி, பருப்பு, எல்லாமே சரியாத்தான் சொல்லியிருக்கா. எப்ப டீ குடிக்கிறேன்னு கேட்டப்பதான் விஷயம் வந்திருக்கு. டீயில இருக்கிற அந்தத் துவர்ப்புச் சத்து, கீரை தானியத்துல இருக்கிற இரும்புச் சத்தைப் பிடிச்சுக்கும். உடம்பு அதை எடுத்துக்க முடியாமப் போயிடும். கறி மீன்ல இருக்கிற இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு, சைவக்காரங்களுக்குத்தான் அதிகம். டீ மட்டுமே காரணம்னு அவரும் சொல்லல. ஆனா சாப்பாட்டோட குடிக்கிறதை முதல்ல நிறுத்தச் சொல்லி, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவ எனக்குப் போன் போட்டு, "ஏன் மாமா, உங்க தோட்டத்து டீதான, இது போய் இப்படிப் பண்ணுமா?"ன்னு கேட்டா. "டீ ஒண்ணும் பண்ணல கண்ணு, நேரம்தான் பண்ணுச்சு. சோத்துக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடம் விடு. கீரைக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோ"ன்னேன். மூணு மாசத்துல 11.4-க்கு வந்துடுச்சு. கிரீன் டீயை விடல. பதினொரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஜிம்முக்கு முன்னாடி ஒண்ணு. நம்ம நாட்டுல பாதிக்கு மேல பொம்பளைங்களுக்கு ரத்தசோகை. உடம்பைப் பார்த்துக்கணும்னு நினைக்கிற புள்ளைங்களே இப்படி மாட்டக் கூடாது.

இன்னொண்ணு. ஜிம்முல சில பேர் கிரீன் டீ மாத்திரை விழுங்கறாங்களாம். கப்புல குடிக்கிறது வேற, சாறைச் சுண்ட வச்சு மாத்திரையாக்குறது வேற. ஒரு கப்புல தோராயமா 50 முதல் 100 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. இருக்கும். மாத்திரையில ஒரே நாள்ல 800-ம் அதுக்கு மேலயும் போறவங்களுக்குக் கல்லீரல் பாதிப்போட அறிகுறி ரத்தத்துல தெரியுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல சொல்லியிருக்கு. நம்மள மாதிரி தண்ணியில போட்டுக் குடிக்கிறதுல பொதுவா பயம் இல்லைன்னும் அதுலயே சொல்லியிருக்கு.

குடிக்கிற முறை இது. கொதிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க. இறக்கி அஞ்சு நிமிஷம் ஆற விட்டு, ஒரு ஸ்பூன் இலைக்கு ஒரு டம்ளர் தண்ணி. ரெண்டு மூணு நிமிஷத்துல வடிச்சிடுங்க. கசக்குதுன்னு சொல்றவங்க எல்லாம் கொதிக்க விட்டவங்கதான். வெறும் வயித்துல குமட்டுதுன்னா ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டுக் குடிங்க. நாளைக்கு ரெண்டு மூணு கப் போதும். சாயங்காலம் ஆறுக்கு மேல வேண்டாம், தூக்கம் கெட்டா உடற்பயிற்சியோட பலனும் கெட்டுது. கர்ப்பமா இருக்கிறவங்க, மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க.

நல்லா வேர்க்க ஓடி முடிச்சதும் கிரீன் டீயைத் தேடாதீங்க. வேர்வையில போனது தண்ணியும் உப்பும். கிரீன் டீயில உப்பு இல்ல. அந்த நேரத்துக்கு உப்புப் போட்ட நீர்மோரை அடிச்சுக்க எதுவும் இல்ல.

எங்க தோட்டத்துல கொழுந்து பறிக்க வர்ற அம்மாங்க அறுபது வயசுலயும் முதுகுல சுமையோட செங்குத்து மேட்டுல ஏறி இறங்கறாங்க. அவங்க யாரும் கிரீன் டீ குடிச்சதில்ல. தூக்குல சோறும் கீரையும் கொண்டு வருவாங்க, பத்து மணிக்கு ஒரு டீ. அவங்களுக்கு முட்டி வலி இருக்கு, கூலி பத்தலைங்கற கவலை இருக்கு, ஆனா மூச்சு வாங்கறதில்ல. உழைப்புதான் உடம்பைச் செய்யுது. டீ அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு துணை.

கடைசியா ஒரு கணக்கு. நாலு கிலோவுக்கு மேல பசுந்தேயிலை போட்டாத்தான் ஒரு கிலோ தூள் வரும். எங்க இலை கிலோ பத்து ரூபாய்க்கும் போயிருக்கு, முப்பதைத் தொட்டதும் உண்டு. பறிகூலி, உரம் போக மிச்சம் என்னன்னு நீங்களே பார்த்துக்கோங்க. நூறு கிராம் டப்பாவுல 'உடல் இளைக்க'ன்னு எழுதி ஐந்நூறு ரூபாய் போட்டா, அந்த எழுத்துக்கான காசு எங்ககிட்ட வர்றதில்ல. எழுத்தைப் பார்க்காம இலையைப் பார்த்து வாங்குங்க. உருண்டு, பச்சை மங்காம, தண்ணியில போட்டா விரியற இலையா இருக்கணும்.

ரெண்டு நாளா மழை விட்டு வெயில் அடிக்குது. கொழுந்து நல்லா வந்திருக்கு. நாளைக்கு ஆறு பேர் பறிக்க வர்றாங்க, சாக்கை எல்லாம் உதறி வைக்கணும். வர்றேங்க.