வர வேண்டிய விடை

காத்திருத்தல் எங்கள் வீட்டிற்குப் புதியதன்று. எங்கள் ஊர் தென்கடலோரத்து ஊர். ஆண்மக்கள் பினாங்குக்கும் கொழும்புக்கும் சபர் போய்விட, பெண்மக்கள் வாசல் திரைக்குப் பின்னிருந்து தபால்காரரின் குரலுக்குச் செவி கொடுத்திருந்த ஊர். எங்கள் உம்மா தம் இளமையின் பெரும்பகுதியைக் கடிதங்களை எதிர்நோக்கியே கழித்தவர்கள். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலில் ஊர் திரும்புவோர் கையில் ஒரு கடிதமாவது வாராதா என்று நாள் எண்ணியவர்கள். கப்பல் தாமதித்தால் கடிதமும் தாமதிக்கும். கடல் கொந்தளித்தால் கப்பலும் தாமதிக்கும். எவரையும் குறை சொல்ல இடமில்லாத காத்திருப்பு அது.

2024ஆம் ஆண்டின் கோடையில் எங்கள் இளைய மகளின் பொருட்டு நாங்கள் இருந்த காத்திருப்பு அத்தகையதன்று. எங்கோ ஓர் அறையில், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, சில மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவுக்கான காத்திருப்பு. அம்முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்பதையும் அறியாத காத்திருப்பு. அந்த மாதங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடத்தையும், அதனால் எங்கள் நினைவுக்கு வந்த ஒரு பழங்கடனையும் இங்கே சொல்ல விழைகிறோம்.

மகள் உளவியலில் இளநிலைப் பட்டம் பெறும் தறுவாயில் இருந்தாள். அடுத்துச் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் படிக்க வேண்டும், அதிலும் மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுக்க வேண்டும், பின்னர் மனநல ஆலோசகராகப் பணியாற்ற வேண்டும் என்பது அவள் எண்ணம். உறவினர் பலருக்கு இது விளங்கவில்லை. "ஏழைக்கு உதவுவதற்கு ஒரு பட்டமா? ஜகாத் கொடுக்கக் கல்லூரிக்கா போக வேண்டும்?" என்றார் அவளுடைய சாச்சா. உண்மையைச் சொன்னால், வாய்விட்டுக் கேளாவிடினும் எங்கள் உள்ளத்திலும் அக்கேள்வி இருந்தது.

அவள் சினமுறாமல் விடை சொன்னாள். பம்பாயில் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் நாக்பாடாப் பகுதியில், கிளிஃபர்ட் மான்சார்ட் என்னும் அமெரிக்கர் அக்கம்பக்கத்து மக்களுக்கென ஒரு சேவை இல்லத்தைத் தொடங்கினார். பிறருக்கு உதவ நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அப்பணி உணர்த்திற்று. 1936இல், அவரையே முதல் இயக்குநராகக் கொண்டு, சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் சமூகப்பணிக்கென ஒரு பள்ளி எழுந்தது. இந்தியாவில் இத்துறைக்கு அதுவே முதற்பள்ளி. 1944 முதல் அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. நம் சென்னையில், மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952இல் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது.

"பசித்தவருக்குச் சோறிடுவது தருமம்தான், வாப்பா. அவர் மீண்டும் பசித்திருக்க நேர்வது ஏன் என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? வகுப்பில் பாதி, மருத்துவமனையிலும் சிறையிலும் குடிசைப் பகுதியிலும் பாதி, அப்படித்தான் இந்தப் படிப்பு" என்றாள். சாச்சா மேலும் வாதிடவில்லை.

விண்ணப்பத்தோடு, இப்படிப்பை நாடுவது ஏன் என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். அவள் எழுதியதை ஒரு நாள் இரவு எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அவள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை எழுதியிருந்தாள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அச்செய்தியைக் கேட்ட அன்று எங்கள் தெருவில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை. நோயுற்ற மகனையோ சகோதரியையோ அழைத்துக்கொண்டு அங்கே சென்று, 'வீடு திரும்பலாம்' என்று கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களை நாங்களும் அறிவோம்.

மகள் இவ்வாறு எழுதியிருந்தாள்: "அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். என்ன செய்வதென்று கேட்க அவர்களுக்கு அருகில் ஒருவரும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்கிறது. சட்டம் சங்கிலியை அகற்றும். சங்கிலி அகன்றபின் அந்தக் குடும்பத்தின் அருகில் அமர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்க விரும்புகிறேன்."

படித்து முடித்தபோது எங்கள் ஐயம் நீங்கியது. அதன்பின் அவள் ஆசை எங்கள் ஆசையும் ஆயிற்று. காத்திருப்பும் எங்கள் காத்திருப்பாயிற்று.

மார்ச்சில் நடந்த முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை அவள் நோன்போடு எழுதினாள். அதன்பின் மூன்று நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்தன. ஒன்று ஒரு வாரத்திற்குள் 'இடமில்லை' என்று எழுதிவிட்டது. அன்றிரவு அவள் அழுதாள். மறுநாள் சுபுஹுத் தொழுதபின் எழுந்து பசியாறினாள். இரண்டாவது, காத்திருப்போர் பட்டியலில் 11ஆம் இடம் தந்தது. மூன்றாவதே அவள் மிகவும் விரும்பியது. 'பத்து நாளில் தெரிவிப்போம்' என்று சொன்ன அந்நிறுவனத்திலிருந்து நாற்பது நாள் கழிந்தும் ஒரு சொல்லும் வரவில்லை. கடிதம் எழுதினால் மறுமொழி இல்லை. தொலைபேசியில் அழைத்தால் மணி அடித்து ஓயும். இணையத்தில் பார்த்தால், 'பரிசீலனையில் உள்ளது' என்னும் ஒரே வரி.

அவ்வரியை அவள் ஒரு நாளில் எத்தனை முறை பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. தொழுகை விரிப்பை மடித்ததும் கைப்பேசியை எடுப்பாள். முகம் வாடி வைப்பாள். நாங்களும் ஒருவரையொருவர் அறியாமல் அதையே செய்துகொண்டிருந்தோம். இதற்கிடையே, பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் வேறு படிப்புக்கு இடம் கிடைத்தது. குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும்; செலுத்தினால் திரும்பாது. செலுத்தலாமா, விடலாமா? விடை தெரியாதவருக்கு எந்தக் கணக்கும் போட வரவில்லை. செலுத்தாமல் விட்டோம்.

வீட்டிற்கு வந்தோர் எல்லாரும் நல்லவர்களே. "கட்டாயம் கிடைக்கும், கவலையை விடு" என்றனர் சிலர். "கிடைக்காவிட்டால் அதிலும் ஒரு நன்மை இருக்கும்" என்றனர் சிலர். "இதற்குள் நிக்காஹை முடித்திருக்கலாமே" என்றார் ஒருவர். அன்பால் சொன்ன சொற்களே அவை. ஆயினும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மகள் சற்றுக் கூடுதலாகவே தனித்துப் போவதைக் கண்டோம்.

எண்பதைக் கடந்த எங்கள் உம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நடுப்பகலில் முறத்தில் அரிசியைக் கொட்டிக்கொண்டு கூடத்தில் அமர்வார்கள். பேத்தியைப் பார்த்து, "இன்னும் வரலையா? சரி, வாம்மா, உட்காரு" என்பார்கள். அவ்வளவுதான். இருவரும் கல் பொறுக்குவார்கள். சில நாளில் பேத்தி பேசுவாள், வாப்பும்மா கேட்பார்கள். சில நாளில் இருவரும் பேசமாட்டார்கள். முறம் காலியாகும்போது மகளின் முகத்தில் சிறு தெளிவு இருக்கும்.

ஒரு மாலை அவள் எங்களிடம் சொன்னாள்: "அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், 1942இல் ஆலோசனைக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வந்தவருக்கு அறிவுரை கூறுவதன்று ஆலோசகரின் வேலை, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவரே தம் வழியைக் காணும்வரை உடனிருப்பதே வேலை என்பது அவர் கொள்கை. அதை நாங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் படித்தோம். வாப்பும்மா அதை அரிசி பொறுக்கிக்கொண்டே செய்கிறார்கள்."

உம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னோம். அவர்கள் சிரித்துவிட்டு, "உங்க வாப்பாகிட்ட இருந்து எட்டு மாசம் கடுதாசி வராதப்போ, பக்கத்து வீட்டு ராத்தா வந்து என்கிட்ட இப்படித்தான் உட்கார்ந்திருப்பா" என்றார்கள்.

அதே மாலையில் மகள் சொன்ன மற்றொன்று எங்களை உறங்கவிடவில்லை. "இல்லை என்று சொன்ன கல்லூரிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு வரி எழுதினார்கள். நான் அழுது முடித்தேன். ஒன்றுமே சொல்லாதவர்கள்தாம் என்னை அழவும் விடவில்லை, எழவும் விடவில்லை."

அவள் எழுந்து சென்றபின் நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசாதிருந்தோம். இருவர் உள்ளத்திலும் ஒரே வீடு வந்து நின்றது.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் மூத்த மகனுக்குச் சம்பந்தம் பேச ஒரு வீட்டிற்குச் சென்றோம். நடுத்தரக் குடும்பம், கண்ணியமான மனிதர்கள். வட்டிலப்பம் வைத்து உபசரித்தார்கள். பெண்ணும் நல்ல பெண். "கலந்து பேசிச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். வேறோர் இடமும் பேச்சில் இருந்தது. இதையும் விட மனமில்லை, அதையும் முடிக்கவில்லை. நான்கு மாதங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தோம். பெண்ணின் வாப்பா கடைத்தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம் ஸலாம் சொல்வார், முகத்தை ஒரு கணம் பார்ப்பார், கேட்கமாட்டார். பெண் வீட்டார் வாய்விட்டுக் கேட்கலாகாது என்பது ஊர் வழக்கு. அவ்வழக்கு எங்களுக்கு வசதியாக இருந்தது. முடிவில் மற்ற இடமே அமைந்தது. நிக்காஹ் அழைப்பு ஊரெல்லாம் சென்றபோதுதான் அவர்களுக்கு விடை தெரிந்தது. எங்களுக்காகக் காத்திருந்து, இடையில் வந்த நல்லதொரு சம்பந்தத்தை அவர்கள் கைவிட்டார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம். அறிந்தும் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

'இல்லை என்று சொல்லி மனம் நோகச் செய்வானேன்?' என்று அன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். நோகாதிருக்க விரும்பியது யாருடைய மனம் என்பது இப்போது விளங்கியது.

ஜூலை மாத இறுதியில் பட்டியல் நகர்ந்தது. வேறோரிடத்தில் இடம் பெற்ற மாணவியர் சிலர் 'நாங்கள் வரவில்லை' என்று எழுதிவிட்டதால், 11ஆம் இடத்தில் இருந்த எங்கள் மகளுக்குச் சென்னையில் இடம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். உம்மா ஒரு படி அரிசியை அளந்து, ஏழை வீட்டிற்குக் கொடுத்தனுப்பினார்கள்.

கட்டணம் செலுத்திய அன்று மாலை, மகள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் மறுமொழி தாராத அந்த மூன்றாவது நிறுவனத்திற்கு, தன் பெயரை நீக்கிவிடும்படி எழுதினாள். "அவர்கள்தாம் ஒரு சொல்லும் சொல்லவில்லையே, நீ ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்டோம்.

"அவர்களுக்காக எழுதவில்லை. அங்கும் எனக்குப் பின்னால் ஒருத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியதால்தானே எனக்கு இடம் வந்தது?" என்றாள்.

எங்கள் கடனை இனியும் தள்ளிப்போட வழியில்லை. அவளைச் சென்னையில் விட்டுவிட்டு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின் அந்த வீட்டிற்குச் சென்றோம். அவர்கள் மகள் மணமாகி இரு குழந்தைகளோடு நலமாக வாழ்கிறாள். அதைச் சொல்லி எங்கள் தவற்றைச் சிறிதாக்கிக்கொள்ள நாங்கள் முனையவில்லை. "ஆறு ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கு ஒரு விடை தர வேண்டியிருந்தது, தரவில்லை. மன்னிக்க வேண்டும்" என்றோம்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அன்றைக்கே மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்போம். அந்த நான்கு மாதமும், நம் பிள்ளையிடம் என்ன குறை கண்டார்களோ என்றே தேடிக்கொண்டிருந்தோம். ஒரு குறையும் இல்லை என்று இப்போதாவது தெரிந்ததே."

அவர் மனைவி உள்ளிருந்து தேநீர் அனுப்பினார்கள். அதை அருந்தும் துணிவு எங்களுக்கு உடனே வரவில்லை. அவரே குவளையை எடுத்துக் கையில் தந்தார்.

விடை உள்ளவர் அதைத் தாமதியாமல் தர வேண்டும். விடை இல்லாதவர் உடன் அமர வேண்டும். காத்திருப்போருக்கு நாம் பட்டிருக்கும் கடன் இவ்விரண்டே. இரண்டாவதைக் கற்க எங்கள் மகள் சென்னைக்குச் சென்றாள். முதலாவதைக் கற்க எங்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அன்று வீடு திரும்பியதும் உம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். அவர்கள் முறத்தைச் சற்று நகர்த்தி, எங்களுக்கும் இடம் விட்டார்கள்.