பம்பருக்குப் பின்னால்

காரின் முகத்திற்குப் பொலிவு தருவது முன் பம்பர். ஆயினும், அதன் பின்னே என்ன இருக்கிறதென்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழை எங்களை அவ்வாறு எண்ண வைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வேளை அது. தாமிரபரணி கரைகடந்து கொக்கிரகுளத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் புகுந்தது. எங்கள் காரும் பம்பர் அளவு நீரில் நின்றது.

நீர் வடிந்தபின் மெக்கானிக் வந்து பார்த்தார். என்ஜினுக்குப் பழுதில்லை, ஹாரன் மட்டும் ஊமையாகியிருந்தது. வாரம் இருமுறை எங்கள் தாயாரை இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நெரிசல் மிக்க தெருக்களில் ஹாரன் இன்றி எங்ஙனம் செல்வது? பட்டறைகளிலோ வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எனவே, பாலிடெக்னிக்கில் பயிலும் எங்கள் மகளைத் துணைக்கொண்டு நாங்களே பம்பரைக் கழற்றத் துணிந்தோம்.

“ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேல?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

“ஆச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்லா, தாத்தா” என்றாள் மகள்.

பழைய அம்பாசடரின் பம்பர், குரோமிய முலாம் பூசிய இரும்புப் பட்டை. சில போல்ட்டுகளைக் கழற்றினால் இருவர் தூக்கிவிடலாம். இன்றைய கார்களில் வெளியே தெரிவது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறையே. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வது அதன் பின்னே மறைந்திருக்கும் இரும்புப் பட்டை.

சமதளத்தில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, என்ஜின் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்கினோம். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிச் சிறிது நேரம் பொறுத்திருந்தோம். காற்றுப்பை உள்ள கார்களில் மோதலை உணரும் கருவி முன்புறத்தில் இருக்கக்கூடுமாதலால், இது இன்றியமையாதது. பின்னர், பானெட்டைத் திறந்து மேல்வரிசை போல்ட்டுகளையும், சக்கர வளைவுகளின் ஓரத்துத் திருகாணிகளையும், அடிப்புறத்துக் கிளிப்புகளையும் கழற்றினோம். கிளிப்பின் நடு ஊசியை முதலில் நெம்பி உயர்த்த வேண்டும்; அவசரப்பட்டு இழுத்தால் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் ஒடிந்துவிடும். கழற்றியவை கலந்துவிடாதிருக்க மகள் பழைய அஞ்சறைப்பெட்டியைக் கொணர்ந்தாள். சீரகக் கிண்ணத்தில் மேல் போல்ட்டுகள். கடுகுக் கிண்ணத்தில் பக்கத்துத் திருகாணிகள்!

இறுதியில் பக்கத்திற்கு ஒருவராக நின்று, சக்கர ஓரத்திலிருந்து உறையை மெல்ல வெளிப்புறமாக விடுவித்து, சற்றே முன்னே இழுத்தோம். பனிமூட்ட விளக்கின் ஒயர்களைக் கழற்றிய பின்னரே முழுவதும் எடுத்து, தரையில் விரித்த பழஞ்சேலைமேல் வைத்தோம்.

உள்ளே ஆற்று வண்டல் அப்பிக்கிடந்தது. ஆகாயத்தாமரை வேர்களும் சிக்கியிருந்தன. இரண்டு ஹாரன்களில் ஒன்று, மண்ணகற்றி உலர்த்தியதும் ஒலித்தது, மற்றதை மாற்றினோம். இரும்புப் பட்டை வளையவில்லை. ஆனால் அதில் துரு அரும்பியிருந்தது. அதனைச் சுரண்டி, துருத்தடுப்பு வண்ணம் பூசினோம். திரும்ப மாட்டுகையில் எல்லாவற்றையும் முதலில் விரலால் முடுக்கி, இடைவெளி சீரானபின் ஸ்பானரால் இறுக்கினோம்.

பம்பரைக் கழற்றியிராவிடில் அத்துரு எங்கள் கண்ணில் பட்டிராது. வெளியே உறை பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே காக்க வேண்டிய பட்டை அரிக்கப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும். வெள்ளம் கண்ட வண்டியை உடையோர் கழுவித் துடைத்ததோடு அமையாமல், ஒருமுறையேனும் உள்ளே பார்ப்பது நன்று. பட்டை வளைந்திருந்தாலோ, காற்றுப்பைக் கருவியில் ஐயம் எழுந்தாலோ அங்கே நம் கை நிற்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர் வேலை. ஏனைய வேலைகளை வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்று பாராமல், கற்றுக்கொடுப்போம்.